நடக்க நடக்கத்தான் பாதை



நடையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நடை. பெரட்டிலிருந்து காட்டுக்கு நடை. மரத்துக்கு மரம் நடை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவருக்கும், உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாவுக்கும் இதே கதைதான். சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும் என்றிருக்கும்.

அப்படிப்பட்ட நம்மிடம் வந்து, "ஓர் ஊரில் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் 20 கட்டை தூரம் நடந்தார்கள், அதுவும் கைக்காசைப் போட்டு ரயில் ஏறிப் போய் நடந்தார்கள்" என்று சொன்னால் என்ன சொல்வோம்? "வேற வேல இல்லையா அவுங்களுக்கு?" என்றுதான் கேட்போம்.

வேலை இருந்தது. வாரத்தில் ஆறு நாளும் இருந்தது. இடுப்பு ஒடிய இருந்தது. அப்படியிருந்தும் நடந்தார்கள். ஏன் நடந்தார்கள், நடந்து எதைச் சம்பாதித்தார்கள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம். இங்கிலாந்துக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் இது நம் லயத்துப் பின்பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில் வந்து நிற்கும் சங்கதி.

புகை ஊரும் பூட்டிய மலையும்

இங்கிலாந்தின் வடபகுதியில் ஷெஃபீல்டு என்று ஒரு நகரம். கத்திக்கும் உருக்குக்கும் உலகமெங்கும் பேர் போன ஊர். பழைய காலத்துக் கத்திகளில் அந்த ஊரின் பெயரையே பொறித்திருப்பார்கள். பெயர் பெரிய பெயர்தான். ஆனால் கத்தி செய்தவன் பிழைப்பு? 19-ஆம் நூற்றாண்டில் சாணைக் கல்லில் கத்தி தீட்டியவர்களின் நுரையீரலில் கல் தூசி போய்ப் படிந்தது. இருமி இருமி, வயசு ஆகுமுன்னே செத்தார்கள். உலைக்களத்துப் புகை ஊரையே மூடிக்கொண்டிருந்தது.

அந்த நகரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்திலேயே மலை. கிண்டர் ஸ்கௌட் என்று அதில் ஒரு சிகரம். உயரம் 636 மீட்டர். நம் கேமரன் மலைத் தானா ராத்தாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் மேலே ஏறிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த வெளி. கறுத்த சேற்று நிலம், குட்டைப் புதர், சுத்தமான காற்று. தூசியை மூச்சாக இழுத்தவனுக்கு அது மருந்து.

மருந்து இருந்தது; பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஊர் மக்கள் ஆடு மாடு மேய்த்த பொது நிலங்களில் பெரும்பங்கை, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டே தனியார் வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். வேலிக்குள்ளே என்ன செய்தார்கள்? கிரவுஸ் என்ற காட்டுப் பறவையை வளர்த்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12-இல் பருவம் தொடங்கும். சீமான்கள் துப்பாக்கியோடு வந்து சுட்டு விளையாடுவார்கள். அதற்காக வருஷம் முழுவதும் வேட்டைக் காவலர்கள் தடியோடு நின்றார்கள். "அத்துமீறி நுழைவோர் மீது வழக்குத் தொடரப்படும்" என்று மலை முழுக்கப் பலகை!

வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்டுச் சட்டப்படி வெறுமனே அடுத்தவர் நிலத்தில் நடப்பது குற்றமே அல்ல. உரிமையாளர் சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் பலகையைப் பார்த்துப் பயந்து திரும்பியவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டியா பார்ப்பான்? மரப்பலகை சொன்ன பொய்யே பல காலம் சட்டமாக நின்றது.

பதினாலு பேர்

1900-ஆம் ஆண்டு. ஷெஃபீல்டில் பெர்ட் வார்ட் என்று ஓர் இளைஞர். வயது 24. இயந்திரத் தொழிலாளி, இயந்திரத் தொழிலாளர் சங்கத்துக்காரர். அப்போது "கிளாரியன்" என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. தொழிலாளிக்காகப் பேசிய சோஷலிஸ்டுப் பத்திரிகை. மலையைச் சுற்றி நடக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று அதில் ஓர் அறிவிப்புக் கொடுத்தார் வார்ட்.

செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் பதினாலு பேர். ஈடேல் பள்ளத்தாக்கு வரை ரயிலில் போனார்கள். பிறகு கிண்டர் மலையைச் சுற்றி ஏறக்குறைய 20 கட்டை நடை. அன்று பிறந்ததுதான் "ஷெஃபீல்டு கிளாரியன் நடைக் குழு". வட இங்கிலாந்தில் தொழிலாளிகள் தாங்களே தொடங்கிய நடைக் குழுக்களில் இதுதான் முதல் என்று சொல்வார்கள்.

கூட்டம் சேர்ப்பது பெரிய வித்தையல்ல. அது நமக்குத் தெரியாததா? சம்பளப் போராட்டம் என்றால் ஆயிரம் பேர் வருவார்கள்; மறு மாதம் சங்கக் கூட்டம் என்றால் பத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். வார்ட் செய்த பெரிய காரியம், அந்தப் பதினாலு பேரோடு தொடங்கியதை அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் கொண்டு போனதுதான்.

அதற்கு அவர் கையாண்ட ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு குட்டிப் புத்தகம். சட்டைப் பையில் அடங்கும் அளவு. வருஷத்துக்கு வருஷம் வெளிவந்தது. எந்த ஞாயிறு எந்த மலை, எந்த ரயிலைப் பிடிப்பது, எத்தனை கட்டை, யார் தலைவர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு விடவில்லை. இந்தப் பாதை எந்தக் காலத்தில் யார் நடந்த பாதை, இந்த மேட்டுக்கு ஏன் இந்தப் பெயர், எந்த வேலி எப்போது வந்தது என்றெல்லாம் எழுதி வைத்தார். அதற்காகப் பழைய வரைபடங்களைத் தேடினார். மேய்ப்பர்களிடமும் குடியானவர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். வாய்ச் சொல்லாகக் கிடந்ததை அச்சில் ஏற்றினார்.

1912-இல் அந்த வட்டாரத்துப் பாதைகளைக் காப்பாற்றுவதற்கென்றே தனியாக ஒரு சங்கம் தொடங்கினார். நில உடைமையாளர்கள் சும்மா இருப்பார்களா? 1923-இல், இனிக் கிண்டர் மலையில் கால் வைக்கக் கூடாது என்று அவருக்கே சட்ட ஓலை வந்தது. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. குழுவின் நடையும் நிற்கவில்லை.

சிறைக்குப் போன நடை

அடுத்து வந்தது 1932. உலகமெங்கும் பஞ்ச காலம். நம் ரப்பர் விலை படுத்து, தோட்டத்துச் சனங்களைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பினார்களே, அதே காலம். இங்கிலாந்துப் பக்கத்தில் ஆலைகளுக்குப் பூட்டு. வேலையில்லாத இளைஞர்களின் கையில் காசில்லை. காலில் மட்டும் பலம் இருந்தது.

ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்திலிருந்து சுமார் 400 பேர் ஹேஃபீல்டு கிராமத்தில் கூடினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து அவர் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். ஒரு பழைய கல்லுடைப்புக் குழியில் நின்று பேசினார். பிறகு கூட்டமாகக் கிண்டர் மலையில் ஏறினார்கள். வழியில் வேட்டைக் காவலர்களோடு கைகலப்பு. ஒரு காவலருக்குக் காயம். ஷெஃபீல்டு பக்கமிருந்து வந்த இன்னொரு கூட்டத்தை மேலே சந்தித்து, வெற்றி என்று கூவிவிட்டு இறங்கினார்கள். கீழே ஊருக்குள் போலீஸ் பிடித்துக்கொண்டது.

அத்துமீறி நடந்ததற்கு வழக்குப் போட முடியாது அல்லவா? ஆகவே கலகக் கூட்டம் கூட்டியதாகவும், அடிதடி என்றும் குற்றம் சாட்டினார்கள். வழக்கை விசாரணைக்கு ஏற்ற ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பட்டாளத்துப் பெரிய அதிகாரிகளும் நாட்டுப்புறச் சீமான்களும்! ஐந்து இளைஞர்களுக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைக் குழுக்களின் பெரிய தலைவர்கள் பலருக்கு இந்தக் காரியம் பிடிக்கவில்லை. "பேசிப் பேசி வாங்குகிற நேரத்தில் இவர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று கோபப்பட்டார்கள். சங்கத்தில் இருக்கும் நமக்கு இந்தச் சண்டை புதிதா? மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர் ஒரு பக்கம், களத்தில் இறங்குகிறவர் மறுபக்கம். ஆனால் தீர்ப்பு வந்ததும் நாடே திரும்பிப் பார்த்தது. "நடந்ததற்கா ஜெயில்?" என்று சாதாரண சனம் கேட்டது. அந்த ஆண்டு கோடையில் அதே வட்டாரத்தில் நடந்த பொதுக்கூட்டத்துக்கு ஏறக்குறைய 10,000 பேர் திரண்டார்கள் என்று சொல்கிறார்கள்.

சிறையிலிருந்து வந்த ராத்மன் என்ன ஆனார்? இயந்திரத் தொழிலாளர் சங்கத்தில் தொழிற்கூடப் பிரதிநிதியாக உழைத்தார். 2002-இல் கண்மூடும்வரை மலையையும் விடவில்லை, சங்கத்தையும் விடவில்லை.

இருபது வருஷக் கணக்கு

அதே 1932-இல் சத்தமில்லாமல் இன்னொரு காரியமும் நடந்தது. பாதை உரிமைச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அது சொன்னது இதுதான்: ஒரு பாதையில் பொதுமக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் ஒளியாமல், தடையின்றி 20 ஆண்டு நடந்து வந்தால், நில உடைமையாளர் அதைப் பொதுப் பாதையாக விட்டுக்கொடுத்தார் என்றே கருதப்படும். நிலம் அவருடையதே. நடக்கும் உரிமை ஊருடையது. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் இந்த விதி இன்றும் இருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். உடைமையாளரிடம் அந்த எண்ணம் இருந்ததே இல்லை என்று காட்டிவிட்டால் கதை வேறு. அதனால்தான் விவரம் தெரிந்த உடைமையாளர்கள் சிலர் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கேட்டைச் சாத்தி வைப்பார்கள். "இது பொதுப் பாதை அல்ல" என்று ஒரு பலகை நட்டு வைப்பார்கள். ஒரே நாள்தானே என்று நாம் நினைப்போம். அந்த ஒரு நாள் இருபது வருஷத்தை அறுத்துவிடும்.

ஆகவே அந்த நாட்டில் பாதைக்காக வழக்காடும்போது சாட்சிகளிடம் கேட்கிற கேள்விகளும் சின்னச் சின்னக் கேள்விகள்தான். எந்த வருஷத்திலிருந்து நடக்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை தரம்? எங்கிருந்து எங்கே? யாராவது தடுத்தார்களா? கேட் பூட்டியிருந்ததா? வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்! இதற்கெல்லாம் பதில் யாரிடம் இருக்கும்? வார்ட் போல வருஷா வருஷம் நடந்து, தேதி போட்டு எழுதி வைத்தவனிடம்தான் இருக்கும். வீரமாக ஒரு நாள் ஏறியவனும் வேண்டும். சலிக்காமல் இருபது வருஷம் நடந்து எழுதியவனும் வேண்டும். இருவரும் சேர்ந்துதான் பாதையை வாங்கினார்கள்.

268 கட்டை

டாம் ஸ்டீபன்சன் என்று இன்னொருவர். 13 வயதில் துணிக்குச் சாயம் அச்சிடும் ஆலைக்கு வேலைக்குப் போனவர். பின்னால் பத்திரிகைக்காரரானார். 1935-இல் "டெய்லி ஹெரால்டு" பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் பென்னைன் மலைத்தொடர் நெடுகிலும், தெற்கே தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை வரை, எல்லாரும் நடக்க ஒரே பாதை வேண்டும் என்பது அவர் கேள்வி.

கேட்டதும் கிடைத்துவிடவில்லை. பாதை போகும் வழியெல்லாம் எத்தனையோ பேருடைய நிலம். ஒவ்வொரு துண்டாகப் பேச வேண்டியிருந்தது. 1948-இல் ஸ்டீபன்சன் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களையே கூட்டிக்கொண்டு அந்த மலையில் நடக்க வைத்தார். ஹியூ டால்டனும் பார்பரா காசிலும் அந்த நடையில் போனார்கள். அறையில் உட்கார்ந்து மனு கொடுப்பதைவிட, சேற்றில் கால் புதைய நடக்க வைப்பது மேல் என்று அவர் கண்டிருந்தார்! மறு ஆண்டு, 1949-இல், தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள பொதுப் பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1951-இல் கிண்டர் மலை வட்டாரமே நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது.

பென்னைன் நெடும்பாதை 1965 ஏப்ரல் 24-இல் திறக்கப்பட்டது. தேதியைப் பாருங்கள். ராத்மன் மலையேறி 33 ஆண்டு நிறைந்த அதே நாள்! ஈடேலில் தொடங்கும் அந்தப் பாதையின் நீளம் 268 கட்டை, ஏறக்குறைய 430 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போவதைவிட அதிக தூரம். கட்டுரை எழுதி 30 வருஷம் கழித்துத்தான் அது முழுசாகக் கைக்கு வந்தது.

2000-இல் இன்னொரு சட்டம் வந்து, மலைமேட்டுத் திறந்த வெளிகளில் பாதையைவிட்டு விலகி நடக்கவும் உரிமை தந்தது. 2002-இல், ராத்மனின் நடைக்கு 70 ஆண்டு நிறைந்த விழாவில், டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தன் பாட்டனார் காலத்தில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். பாட்டன் பூட்டிய மலைக்குப் பேரன் மன்னிப்புக் கேட்க 70 வருஷம்!

எழுதாமல் போனது, போனதுதான்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கதையை முடிக்க முடியாது. 1949 சட்டப்படி வரைபடம் போட்ட காலத்தில், பல ஊர்களில் பல பாதைகளைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். சில இடத்தில் அசட்டை. சில இடத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. 2020-இல் நடையர் சங்கத்தின் தொண்டர்கள் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் விடுபட்டுப் போன பாதைகள் 49,000 கட்டைக்கு மேல் இருக்கும் என்று தெரிந்தது. அவற்றைப் பதிவு செய்ய முதலில் 2026 வரை கெடு. பிறகு 2031 வரை என்றார்கள். 2024 டிசம்பரில், அந்தக் கெடுவையே நீக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அதுவும் விடாமல் கேட்டதால் வந்த அறிவிப்புதான்.

நமக்கு இதில் என்ன?

இப்போது நம் பக்கம் வருவோம். தோட்டங்கள் கைமாறுகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வருகிறது. நாங்கள் சங்க வேலையாகப் போகும் இடங்களில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது: "அம்பது வருசமா நடந்த பாதைங்க. இப்ப வேலி போட்டுட்டாங்க." கோயிலுக்குப் போன வழி, சுடுகாட்டுக்குப் போன வழி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன குறுக்குப் பாதை. "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நாட்டு இருபது வருஷச் சட்டம் நமக்கும் உண்டு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் தேசிய நிலச் சட்டம், "கானுன் தானா நெகாரா" என்று 1965-இல் வந்தது. நீண்ட காலம் நடந்தோம் என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தவர் நிலத்தில் வழியுரிமை பெற அதில் இடமில்லை. ஆனால் நில நிர்வாகி பொதுமக்களுக்காக வழியுரிமை அமைத்துக் கொடுக்க அதே சட்டத்தில் இடமுண்டு. அதற்கு நில அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும். தட்டும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். தோட்டம் விற்பனைக்கு வருமுன்னே, வேலி விழுமுன்னே தட்ட வேண்டும்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் நாம் கேட்பது ஒரு சின்னக் காரியம். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிவிட்டு, லயத்துப் பெரியவர் ஒருவரையும் இளைஞர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கோயில் பாதையிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நடந்து பாருங்கள். எங்கே தொடங்குகிறது, எந்த ஆற்றைத் தாண்டுகிறது, எங்கே முடிகிறது என்று படம் போடுங்கள். எந்த வருஷத்திலிருந்து நடக்கிறோம் என்று பெரியவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். தேதி போடுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியைக் கோயில் கமிட்டியிடமும், ஒரு பிரதியைச் சங்கக் கிளையிடமும் கொடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம் மறுபடியும் நடந்து மறுபடியும் எழுதுங்கள்.

அந்தப் பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். அவர் நினைவில் இருக்கும் பாதை அவரோடு போய்விடக் கூடாது. ஷெஃபீல்டில் பதினாலு பேர் போதுமாயிருந்தது. உங்கள் லயத்தில் ஐந்து பேர் கிடைக்க மாட்டார்களா?